கோபப்பட ஒரு பத்திரிகை

அப்பப்பா இரண்டு பேப்பர் எடுப்பார். ஒன்று வாசிக்க, மற்றது கோபப்பட.

இரண்டும் காலையில் சந்திக் கடையிலிருந்து வரும். வாசிக்கிற பேப்பரைச் சாய்மனைக் கதிரையில் சரிந்து, தேத்தண்ணி ஆறும்வரை ஆறுதலாக வாசிப்பார். மற்றதைக் கையில் எடுத்ததும் எழும்பிவிடுவார். அதை விறாந்தையில் நடந்துகொண்டுதான் வாசிப்பது. நாலு எட்டு வைத்து நிற்பார். "உவங்கள் எழுதியிருக்கிறதைப் பாரன்" என்று யாரும் இல்லாத முற்றத்தைப் பார்த்துச் சொல்லுவார். குசினிக்குள்ளிருந்து அப்பம்மா கேட்பா: "பிடிக்காட்டி ஏன் காசு குடுத்து வாங்கிறியள்?" அதற்கு அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது: "அவன் என்ன சொல்லுறான் எண்டு தெரியாமல் நான் என்னெண்டு மறுத்துச் சொல்லுறது?"

யாருக்கு மறுத்துச் சொல்லப் போகிறார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார். சண்டிலிப்பாயில் ஒரு விறாந்தை, ஒரு மூக்குக்கண்ணாடி, சிவப்பு மையில் ஒரு பேனை. பேப்பரில் எழுத்துப் பிழை கண்டால் சுழித்து வைப்பார். அந்தச் சுழிப்புகளை யாரும் பார்க்கப் போவதில்லை என்பது அவருக்கும் தெரியும்.

கொரோனாக் காலத்தில் வீட்டுக்குள் அடைபட்டிருந்தபோதுதான் பழைய யாழ்ப்பாணப் பத்திரிகைகளைத் தேடத் தொடங்கினேன். ‘நூலகம்’ தளத்தில் வருடி ஏற்றிய இதழ்கள், ஆய்வுக் கட்டுரைகள், நினைவுமலர்கள் என்று ஒன்று இன்னொன்றுக்கு இழுத்துக்கொண்டு போனது. அந்த வருஷம் சார்வரி. சுவரில் தொங்கிய நாட்காட்டியில் அந்தப் பெயரைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். இலங்கையின் முதல் தமிழ்ப் பத்திரிகையான ‘உதயதாரகை’யின் முதல் இதழ் 1841 ஜனவரி 7, வியாழக்கிழமை வெளிவந்தது. தமிழ்க் கணக்கில் அதுவும் சார்வரி, மார்கழியின் கடைசி. அறுபது வருஷச் சக்கரம் மூன்று சுற்றுச் சுற்றி அதே பெயரில் வந்து நின்றிருக்கிறது. சாத்திரத்தில் நம்பிக்கை இல்லாத எனக்கும் அன்றைக்கு ஒரு சின்னச் சிலிர்ப்பு வந்தது உண்மை.

அந்தப் பத்திரிகையின் பிறப்பு பட்டினத்தில் நடந்ததென்று நினைத்துவிடாதீர்கள். கொழும்பில் ‘ஒப்சேவர்’ 1834இல் வந்துவிட்டது. அது துறைமுகம், கவர்னர், கோப்பித் தோட்டத் துரைமார் எல்லாம் உள்ள ஊர். அதற்கு ஏழு வருஷம் கழித்து மானிப்பாயில் ஒரு பத்திரிகை அச்சாகிறது. யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து நாலு மைல்; பனையும் புகையிலைத் தறையும் துலாக் கிணறும் உள்ள கிராமம். கொழும்பிலிருந்து றெயில் யாழ்ப்பாணத்தை எட்டிப் பார்த்தது 1905இல். அதற்கு அறுபத்து நாலு வருஷத்துக்கு முன்னரே இந்த ஊரில் ஈய எழுத்துக் கோர்த்து, மை பூசி, மாதம் இரண்டு தடவை செய்தி அச்சடித்திருக்கிறார்கள்.

அதற்கு முன்னர் செய்தி எப்படிப் போனது? சந்தையிலும் கோயில் வீதியிலும் வாய்வழியாகப் போனது. அரசாங்கம் சொல்ல நினைத்தது பறையில் போனது. இன்னொரு வழியும் இருந்தது. ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த தேசவழமைச் சட்டத்தின்படி, காணியை விற்கப் போகிறவர் அதை மூன்று ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அறிவிக்கவேணும். பங்காளிக்கும் பக்கத்துக் காணிக்காரருக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டு. அவர்களுக்குத் தெரியாமல் உறுதி, அதாவது காணிப் பத்திரம், முடிக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. யாழ்ப்பாணத்தானைப் பொது அறிவித்தலைக் காதுகொடுத்துக் கேட்கப் பழக்கியது கடவுளின் வார்த்தையா, அயலவன் காணியா என்று கேட்டால் எனக்குச் சந்தேகமே இல்லை. பின்னாளில் அறிவித்தல்கள் வரும் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தை முதலில் திருப்பும் பழக்கமும் அங்கிருந்துதான் வந்திருக்கவேணும்.

மானிப்பாய்க்கு அச்சு வந்த கதை தனிக் கதை. அமெரிக்க மிஷன் பாதிரிமார் 1816இல் வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் குடியேறினார்கள். ஒல்லாந்தர் விட்டுப்போன பாழடைந்த கோயில் கட்டடங்களைத் திருத்தி இருந்தார்கள். அச்சியந்திரம் ஒன்றையும் தமிழெழுத்துகளையும் தேடிக்கொண்டார்கள். அதை ஓட்டுவதற்கு அமெரிக்காவிலிருந்து ஜேம்ஸ் கரெற் என்ற அச்சுத் தொழிலாளி 1820இல் வந்து இறங்கினார். ஆங்கிலேய அரசாங்கத்துக்கு அது பொறுக்கவில்லை. பாதிரிகள் இருக்கிறார்கள், இருக்கட்டும். இன்னும் ஓர் அமெரிக்கன் எதற்கு, அதுவும் அச்சோடு? மூன்று மாதத்துக்குள் தீவை விட்டு வெளியேறு என்று கொழும்பிலிருந்து கட்டளை வந்தது. கட்டளையிட்டவர் அப்போது கவர்னர் பொறுப்பில் இருந்த எட்வேர்ட் பான்ஸ். கரெற் பம்பாய்க்குப் போனார். அங்கேயே மராத்தி மக்களுக்கு அச்சடித்து 1831இல் இறந்தார். யாழ்ப்பாணத்தில் ஒரு பக்கம்கூட அச்சடிக்காமல் யாழ்ப்பாணத்து அச்சு வரலாற்றின் முதல் பெயராக நிற்கிற மனுஷன் அவர். பொறி மட்டும் நல்லூரில் இருந்த ஆங்கிலேயச் சபைப் பாதிரிகளின் கைக்கு மாறியது. துண்டுப் பிரசுரங்கள் அங்கேதான் அச்சாகின. வில்மட் ஹோட்டன் கவர்னராக வந்து கட்டுப்பாட்டைத் தளர்த்திய பிறகு, 1834இல் ஈஸ்ற்மன் மைனர் என்ற அச்சுத் தொழிலாளி மானிப்பாய்க்கு வந்தார். அச்சுக்கூடமும் வந்தது.

ஆக, ஆளைத் துரத்தி அச்சைத் தள்ளிப்போட அரசாங்கத்தால் முடிந்தது பதினாலு வருஷம்.

உதயதாரகையின் முதற் பத்திராதிபர்கள் ஹென்றி மாட்டின், சேத் பேசன். பெயரைப் பார்த்ததும் நான் வெள்ளைக்காரர் என்றே எடுத்துக்கொண்டேன். நெடுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். இரண்டு பேரும் யாழ்ப்பாணத்துத் தமிழர்; 1823இல் தொடங்கிய, மிஷனின் உயர்கல்விக்கூடமான வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்தவர்கள். செமினரியில் ஒரு பிள்ளையின் செலவை அமெரிக்காவில் யாரோ ஓர் உபகாரி ஏற்றுக்கொண்டால் பிள்ளைக்குப் பெயர் வைக்கும் உரிமை அவருக்கு. தாய் தகப்பன் வைத்த முருகேசுவும் கதிரேசுவும் வகுப்பறையில் மாட்டினும் பேசனுமாக இருந்தார்கள். நெவின்ஸ், கறல், ஆர்னல்ட் எல்லாம் இந்த வழியில் வந்த பெயர்கள்தான். 1855இல் மிஷன் அச்சுக்கூடத்தை வாங்கி நடத்திய ரிப்ளி, ஸ்ற்ரோங் என்ற இருவரும் அப்படியே. ‘ரிப்ளி அன்ட் ஸ்ற்ரோங்’ என்று தலைப்பக்கத்தில் பார்த்தால் பொஸ்ரனில் உள்ள கொம்பனி போலிருக்கும். இரண்டும் இந்த மண்ணில் பிறந்த சுதேசிகளின் பெயர்.

ஒரே தாளில் தமிழும் ஆங்கிலமும். கல்வி, விஞ்ஞானம், இலக்கியம், பயிர்ச்செய்கை, அரசாட்சி, சமயம், இவற்றோடு செய்திச் சுருக்கம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். செய்தி கடைசியில் இருப்பதைக் கவனியுங்கள். ஊரில் நடந்தது ஊருக்கு முன்னமே தெரியும். தெரியாதது உலகம்.

இரு மொழியில் கோர்ப்பது என்னவென்று எனக்குக் கொஞ்சம் தெரியும். சின்ன அப்பப்பா பட்டினத்தில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோர்த்தவர். பள்ளி விடுமுறைக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டு போனார். வலக்கை பெட்டிகளின் மேல் கோழி கொத்துகிற மாதிரி ஓடும். கண் கைக்குப் போகாது, மூலப் பிரதியிலேயே நிற்கும். இடக்கையில் ஏந்திய கோலில் எழுத்துகள் தலைகீழாக வரிசைக்கு வரும். "இங்கிலீசுப் பெட்டி ஒரு வீடெண்டால் தமிழ்ப் பெட்டி ஒரு தெரு" என்பார். அந்தக் காலத்துத் தமிழெழுத்தில் ணாவும் றாவும் னாவும் கால் போடாமல் சுழித்து நிற்கும். லை, ளை, ணை, னை நான்கும் தும்பிக்கை தூக்கி நிற்கும். ஒவ்வொன்றுக்கும் தனி வார்ப்பு, தனி அறை. ஆங்கிலத்தில் அரைப் பக்கத்துக்கு வருகிற விஷயம் தமிழில் முக்கால் பக்கத்துக்கு நீளும். அந்த வித்தியாசத்தை எங்கே கொண்டுபோய் மறைப்பது என்பதில்தான் கோர்ப்பவனின் கெட்டித்தனம். அச்சடித்து முடிந்ததும் எல்லா எழுத்தையும் கழுவி, பிரித்து, அததன் அறையில் திருப்பிப் போடவேணும். ணகரத்தை னகர அறையில் போட்டவன் அடுத்த நாள் பேச்சு வாங்குவான். மானிப்பாயில் இதே ஆட்கள், பத்திரிகை தொடங்கி ஒரு வருஷத்தில், 58,500 சொல் கொண்ட மானிப்பாய் அகராதியையும் 1842இல் அச்சடித்து முடித்திருக்கிறார்கள். அதை நினைத்தால் எனக்கு முதுகு வலிக்கிறது.

சண்டைக்கு வருவோம். அதுதானே கதை.

பாதிரிமார் பத்திரிகை தொடங்கியது சும்மா அறிவு பரப்ப மாத்திரம் இல்லை. சைவத்தின் மேல் அவர்களுக்கு ஒரு வழக்கு இருந்தது, அதைப் புத்தியால் வெல்லலாம் என்று நம்பினார்கள். 1829இல் ஒரு சந்திர கிரகணம். அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கம் ஒரு நேரம் சொன்னது. செமினரித் தலைவர் டானியல் பூவர் வேறு நேரம் கணித்தார். இரவு எல்லாரும் முற்றத்தில் நின்று மணிக்கூட்டையும் சந்திரனையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பூவரின் கணக்குப் பலித்தது. அந்த வெற்றி பாதிரிமாருக்குத் தலைக்கேறியது என்றே சொல்லவேணும். கிரகணத்தில் பிழைவிட்டவன் வேதத்திலும் பிழைவிட்டவன் என்ற தர்க்கத்தைப் பிறகு பல வருஷம் எழுதினார்கள். கோயில், திருவிழா, கந்தபுராணப் படிப்பு எல்லாம் உதயதாரகையின் பத்திகளில் விசாரணைக்கு வந்தன. சாஸ்திரியார் பாவம். அவருடைய கணக்கு நிமிஷக் கணக்கில்தான் பிசகியது. வெறும் வாய்பாட்டையும் சோழிகளையும் வைத்துக்கொண்டு அவ்வளவு கிட்ட வந்தது பெரிய கெட்டித்தனம் என்று எழுத அப்போது அங்கே யாருக்கும் மனம் வரவில்லை.

ஆனால் அந்தப் பத்திரிகையில் ஒரு நேர்மையும் இருந்தது. எதிர்க் கடிதங்களையும் போட்டார்கள். 1841இலேயே சைவர்கள் எழுதத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் ஆகமங்கள் சொல்வதும் உங்கள் விவிலியத்தில் எருசலேம் ஆலயத்தில் நடந்ததும் ஒன்றுபோலத்தானே இருக்கிறது, பலியும் தீபமும் தூபமும் அங்கேயும் இருக்க நாங்கள் மட்டும் எப்படிக் காட்டுமிராண்டிகள் என்ற ரீதியில் கேள்விகள். எழுதியவர்களின் பெயர் இல்லை. அவர்களில் ஆறுமுகம்பிள்ளை என்ற இளைஞரும் இருந்தார் என்று ஆய்வாளர் சொல்கிறார்கள். அப்போது பதினெட்டு வயது. பகலில் பீற்றர் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து விவிலியத்தைத் தமிழாக்கிக்கொண்டிருந்தவர். விவிலியத்தின் ஒவ்வொரு வரியையும் தமிழில் நிறுத்துப் பார்த்தவனைவிட அதை வைத்து மறுமொழி எழுத யாருக்கு முடியும்? அவரைப் பின்னால் உலகம் ஆறுமுகநாவலர் என்று அறிந்தது.

1842 செப்டெம்பரில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலடியில் ஏறக்குறைய இருநூறு பேர் கூடினார்கள். வேதாகமம் படிப்பிக்க ஒரு பள்ளிக்கூடம் வேணும், புத்தகம் அச்சிட ஓர் அச்சுக்கூடம் வேணும் என்று பேசினார்கள். பேசியது உடனே நடக்கவில்லை. எங்கள் ஊர்க் கூட்டங்களின் இயல்பு அது. 1848இல் நாவலர் பாதிரியாரின் வேலையை விட்டு வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளிக்கூடத்தைத் தொடங்கினார். அடுத்த வருஷம் தோணியேறிச் சென்னைக்குப் போனார். வழியில் திருவாவடுதுறை ஆதீனம் ‘நாவலர்’ பட்டம் கொடுத்தது. திரும்பி வரும்போது ஓர் அச்சியந்திரமும் கூட வந்தது. ‘வித்தியாநுபாலன யந்திரசாலை’ என்று பெயரிட்டார். மானிப்பாயிலிருந்து வண்ணார்பண்ணைக்கு மாட்டுவண்டிலில் போக ஒரு மணித்தியாலம் வரும். இரண்டு அச்சுக்கூடமும் அவ்வளவு கிட்ட இருந்தன. இனி மறுமொழிக்குத் தாமதம் இல்லை.

1854இல் நாவலரின் ‘சைவதூஷண பரிகாரம்’ வந்தது. அதைத் தொடர்ந்து இரு பக்கமும் கண்டனம், கண்டனத்துக்குக் கண்டனம். தலைப்புகளைப் பார்த்தாலே தெரியும்: ஒருவர் பிரபோதம் என்றால் மற்றவர் தீபம் என்பார். ‘சுப்பிரதீபம்’ எழுதிக் கிறிஸ்தவ பக்கத்தில் நின்று நாவலரை எதிர்த்தவர் கறல் விசுவநாதபிள்ளை. செமினரியின் கணிதப் புலி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி. ஏ. பட்டதாரிகள் இரண்டு பேரில் ஒருவர், மற்றவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. உதயதாரகையின் பத்திராதிபராகவும் இருந்தவர் கறல். அவரே பின்னாளில் சைவத்துக்குத் திரும்பினார். மறுமொழி எழுதுவதற்கென்று எதிரியின் நூலை ஊன்றி வாசித்தால் இந்த ஆபத்து உண்டு. தாமோதரம்பிள்ளையின் பாதையும் விநோதந்தான். வட்டுக்கோட்டையில் படித்த சிறுப்பிட்டிப் பொடியன், சென்னையில் பேர்சிவல் பாதிரியார் நடத்திய ‘தினவர்த்தமானி’யில் பத்திராதிபர் வேலை பார்த்து, கடைசியில் ஏட்டுச்சுவடி தேடி அலைந்து பழைய இலக்கண இலக்கியங்களை அச்சேற்றினார்.

இந்தச் சண்டைகளில் ஆர்வம் இல்லாதது போல ஒருவர் நடுவில் இருந்தார். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை. ஏறக்குறைய நாற்பது வருஷம் உதயதாரகையை நடத்தியவர். கிறிஸ்தவர், ஆனால் 1886இல் அவர் வெளியிட்ட ‘பாவலர் சரித்திர தீபகம்’ நானூறுக்கு மேற்பட்ட தமிழ்ப் புலவர்களைச் சமயம் பாராமல் அகர வரிசையில் நிறுத்துகிறது. எனக்குப் பிடித்த பத்திராதிபர் இவர்தான். நாற்பது வருஷம் மற்றவர்களின் கோபத்தை அச்சுக்கு அனுப்பியவன் ஓய்ந்த நேரத்தில் என்ன செய்வான் என்பதற்கு அந்தப் புத்தகம் சாட்சி.

அடுத்து வந்தவற்றை ஓடிப் பார்த்துவிடலாம். 1863இல் ‘இலங்காபிமானி’. 1876இல் கத்தோலிக்கர்களின் ‘சத்தியவேத பாதுகாவலன்’. அப்போது ஆயராக இருந்தவர் பொஞ்ஞான் ஆண்டகை. புரட்டஸ்தாந்தியருக்கும் சைவருக்கும் நடந்த வழக்கில் மூன்றாவது கட்சியும் மனுப் போட்டது. 1877இல் ‘இலங்கை நேசன்’, 1880இல் ‘உதயபானு’. தாரகைக்குப் பிறகு பானு: விடிவெள்ளி வந்தால் சூரியன் வரத்தானே வேணும். பெயர் வைத்தவருக்கு அந்தக் குறும்பு மனதில் இருந்திருக்கும் என்றே நம்புகிறேன்.

1889 செப்டெம்பர் 11இல் ‘இந்து சாதனம்’. முந்திய வருஷம் தொடங்கிய சைவ பரிபாலன சபையின் பத்திரிகை, வண்ணார்பண்ணையிலிருந்து. ஆங்கிலத்தில் ‘இந்து ஓர்கன்’. 1842இல் சிவன் கோயிலடியில் கூடியவர்கள் கேட்ட அச்சும் பள்ளியும் பத்திரிகையாகவும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாகவும் முழு உருவம் எடுக்க அரை நூற்றாண்டு எடுத்திருக்கிறது. 1897 ஜனவரியில் விவேகானந்தர் யாழ்ப்பாணம் வந்து இந்துக் கல்லூரியில் பேசியபோது அதை எழுதி வைக்க உள்ளூரில் ஒரு சைவப் பத்திரிகை இருந்தது. என் பூட்டன், அப்பப்பாவின் தகப்பன், இந்து சாதனத்துக்குச் சந்தா கட்டினவர். உதயதாரகையையும் யாரிடமாவது இரவல் வாங்கி வாசிப்பாராம். "காசு குடுக்கமாட்டன், கண்ணைக் குடுப்பன்" என்பாராம். இது வீட்டுக் கதை. சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் அப்பப்பாவைப் பார்த்தவனுக்கு இதை நம்பக் கஷ்டம் இல்லை.

ஆளுக்கொரு பேப்பர் வாங்க வசதியுள்ள ஊர் இல்லை இது. வாசிகசாலை என்ற ஒன்று இருந்ததால்தான் இந்தச் சண்டைகள் ஊர் முழுக்கப் போயின. ஒவ்வொரு குறிச்சிக்கும் ஒன்று. நாலு தூண், ஓலைக்கூரை, நீட்டு மேசை, இரண்டு வாங்கு. எழுத்துத் தெரிந்தவர் உரத்து வாசிக்க மற்றவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு கேட்பார்கள். நான் சிறுவனாய் இருந்தபோதும் எங்கள் வாசிகசாலையில் பேப்பரின் நடுத் தாள் ஒருவரிடமும் வெளித் தாள் இன்னொருவரிடமும் இருக்கும். யாருக்கும் முழுச் செய்தியும் தெரியாது. எல்லாருக்கும் முழு அபிப்பிராயம் இருக்கும். அந்த மேசைக்கு யார் வரலாம், யார் வாசலுக்கு வெளியே நின்று கேட்கவேணும் என்பதும் சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பத்திரிகைகள் சமயத்தின் பேரில் அவ்வளவு சண்டை பிடித்தபோதும் சாதியின் வாங்கை அசைக்க அவசரப்படவில்லை. இந்தக் குறையை நாவலருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

அப்பப்பாவின் பத்திரிகை வேறு. 1930 ஜூன் 22, ஞாயிற்றுக்கிழமை ‘ஈழகேசரி’யின் முதல் இதழ் வந்தபோது அவருக்குப் பதினைந்து வயது. நடத்தியவர் குரும்பசிட்டி நா. பொன்னையா. சுன்னாகத்தில் அவருடைய திருமகள் அச்சகம். மறுபடியும் பாருங்கள், பட்டினம் இல்லை, சுன்னாகம். வாழைக்குலைச் சந்தைக்குப் பேர்போன ஊர். அதே அச்சகந்தான் கணேசையரின் உரைவிளக்கக் குறிப்புகளோடு தொல்காப்பியத்தையும் அச்சிட்டது. ஈழகேசரியில் சமயச் சண்டையின் சூடு தணிந்து வேறு விஷயங்கள் வந்தன: சிறுகதை, அரசியல், மாணவருக்கென்று பக்கம். ஈழத்துச் சிறுகதையின் முதல் தலைமுறை அங்கே எழுதிப் பழகியது. அப்பப்பா ஒவ்வோர் இதழையும் அடுக்கி, வருஷ வாரியாகச் சணல் கயிற்றால் கட்டி, பரணில் வைத்திருந்தார். 1958இல் ஈழகேசரி நின்றது. அடுத்த வருஷம் ‘ஈழநாடு’ பட்டினத்திலிருந்து வந்தது, 1961இல் நாளேடானது. அதையும் கட்டினார். 1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாண நூலகம் எரிந்த அந்த நாட்களில்தான் ஈழநாட்டுக் காரியாலயமும் எரிந்தது. 97,000 புத்தகம் என்று எல்லாரும் நூலகக் கணக்கைச் சொல்வார்கள். எழுத்துப் பெட்டிகளில் இருந்த ஈயம் உருகி நிலத்தில் ஓடியதைச் சின்ன அப்பப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்து சாப்பிடாமல் படுத்தார் என்று அம்மா சொல்லுவா.

எங்கள் பரண் அப்போது தப்பியது. அப்பப்பா 1993இல் கண்மூடினார். 1995 ஒக்டோபர் 30 இரவு போர் நெருங்கி வலிகாமம் முழுவதும் வெளிக்கிட்டபோது எடுத்துக்கொண்டு ஓட நேரம் இருந்த சாமான் சொற்பம். அரிசி, இரண்டு மாற்றுடுப்பு, பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், காணி உறுதிக் கட்டு. யாழ்ப்பாணத்தான் ஓடும்போது உறுதியை விடமாட்டான். 96 சித்திரையில் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. பரண் இருந்த இடத்தில் மழை பெய்து, சணல் கயிறு மட்டும் கட்டின முடிச்சோடு கிடந்தது. மிச்சம் கறையான்.

போன வருஷம் காணி பிரிக்கும் அலுவலாக அந்த உறுதிக் கட்டை அவிழ்த்தோம். தோம்பு என்ற பழைய காணிப் பதிவேட்டிலிருந்து எடுத்த பிரதி, பூட்டனின் நன்கொடை உறுதி, அதற்குள் மடித்து ஒரு பத்திரிகைத் துண்டு. கத்தரித்த துண்டில் பத்திரிகையின் பெயரோ திகதியோ இல்லை. எழுத்தைப் பார்த்தால் முப்பதுகளின் நடுப்பகுதியாக இருக்கலாம். லையும் னையும் தும்பிக்கை தூக்கியிருந்தன. வடமராட்சிப் பக்கத்து வாசகர் ஒருவர் எழுதிய கடிதம். சுவர் என்ற சொல் உருபேற்கும்போது ‘சுவரில்’ என்று வருமேயன்றிச் ‘சுவற்றில்’ என்பது பிழை என்று யாரோ ஓர் அன்பர் முன்னைய இதழில் எழுதினாராம். அந்த அன்பர் இளைஞராக இருத்தல்வேணும், உலகவழக்கை அறியாதவராக இருத்தல்வேணும், ஊரில் உள்ளவர் எல்லாரும் வழங்குவதைப் பிழை என்று சொல்ல அவருக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று ஒரு பத்தி முழுக்கச் சாடல். அன்பரின் பெயரும் ஊரும் இருந்தன. பெயர் அப்பப்பாவின் பெயர்.

அவருடைய கடிதத்தைத் தேடுகிறேன். வருடி ஏற்றிய இதழ்களில் அந்த வருஷங்களில் இடைவெளி நிறைய. ஒரு மாதம் இருக்கும், அடுத்த மாதம் இல்லை. இன்னும் அகப்படவில்லை. சொல்லவந்த விஷயத்தில் அவர் சரி, அதைச் சொல்லிவிடுகிறேன். சுவரில்தான்.

துண்டின் ஓரத்தில் சிவப்பு மையில் எதுவும் இல்லை. அந்தப் பேனை பிறகு வந்தது போலும். பென்சிலால், சின்ன எழுத்தில், ஒரு வரி: மறுமொழி அனுப்பியாயிற்று.